காலி வண்டி

நான்காவது போல்ட் ஏறவில்லை. மற்ற மூன்றும் விரலாலேயே திருகத் திருக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன. இது மட்டும் இரண்டு மரை பிடித்ததும் சாய்ந்து நின்றுகொள்கிறது. பிராக்கெட்டில் ஓட்டை அரை நூல் அளவு தள்ளி விழுந்திருக்கிறது. கோயம்புத்தூர் லேத்துப் பட்டறை கணேசமூர்த்தி மேல் குற்றம் இல்லை, நான் வெட்டிக் கொடுத்த அட்டை அளவுதான் அது. எஞ்சின் மேல் அட்டையை வைத்து பென்சிலால் குறித்தபோது கை அசைந்திருக்கும். அரத்தை எடுத்து ராவினால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. பத்து நிமிடம் என்று நினைக்கும்போதே மனசு வேறு பக்கம் திரும்புகிறது, பத்து நிமிடத்தில் எத்தனை வளைவு ஏறலாம் என்று கணக்குப் போடப் போகிறது, வேண்டாம், அரம் எங்கே. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. லீமா பூசைக்குப் போய்விட்டாள். போகும்போது இந்த ஷெட் வாசலில் நின்று, "நீங்க வரலையாப்பா," என்றாள். "வேலை இருக்கும்மா," என்றேன். அவள் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்த பானெட்டைப் பார்த்தாள், வெளியே எடுத்து வைத்திருந்த ரேடியேட்டரைப் பார்த்தாள், பெஞ்சின் மேல் சாக்கில் சுற்றிக் கிடந்த சூப்பர்சார்ஜரைப் பார்த்தாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிற பெண். நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான் இப்போதெல்லாம் என்னைப் பார்க்கிறாள்.

இந்த சூப்பர்சார்ஜரை வாங்கக் கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைக்கு நான்கு தடவை போனேன். ஏதோ ஜப்பான் காரிலிருந்து கழற்றியது. குடத்தை விடச் சின்னது, தூக்கினால் அரிசி மூட்டை மாதிரி கனம். உள்ளே இரண்டு உருளைகள் ஒன்றை ஒன்று தொடாமல் சுற்றும். எஞ்சின் சுற்றும்போது பெல்ட் இதையும் சுற்றும், இது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அவ்வளவுதான் விஷயம். கீழே எங்கள் மசினகுடியில் காற்று கனமாக இருக்கிறது, டீசல் நன்றாக எரிகிறது. மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து போகிறது. ஊட்டியை நெருங்கும்போது எஞ்சினுக்கு மூச்சுக் கிடைக்காது, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு முதல் கியரில் முனகும். புது வண்டிகளில் இதற்கெல்லாம் டர்போ வைத்தே வருகிறது. என் பிக்கப் பழசு. கணேசமூர்த்தி கேட்டார்: "எதுக்குங்ண்ணா இவ்வளவு மெனக்கெடறீங்க, டர்போ வண்டியா ஒண்ணு பார்த்து வாங்கிக்கலாமே." நான் சொன்னேன்: "இந்த வண்டிதான் ஏறணும்." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு லேத்தைப் போட்டார். யாரோ சொல்லியிருப்பார்கள். சம்சாரத்தை மலை ஏத்தும்போது வண்டி இழுக்காமப் போச்சு, ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரமாயிடுச்சு, பாவம் மனுஷன். எட்டு மாதமாக அப்படித்தான் சொல்கிறார்கள். நான்தான் சொன்னேன், அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். வண்டி இழுக்கல. இரண்டே வார்த்தை. எட்டு மாதமாக இந்த இரண்டு வார்த்தை மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ராவிய தூளை வாயால் ஊதினேன், கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கக் கூடாது, கையெல்லாம் கிரீஸ். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பிலோமி தெரிவாள் என்று பயம். இப்போது தெரியவில்லை. சில சமயம் இப்படித் தெரியாமலும் போகிறாள், அது இன்னொரு மாதிரி பயம். தண்ணீர் ஊற்றிக் கண்ணைக் கழுவிவிட்டு வந்து போல்ட்டை வைத்தேன், ஏறியது. நாலும் ஏறிவிட்டது. ஒரே பக்கமாக முறுக்கக் கூடாது, குறுக்குக் குறுக்காக, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் முறுக்க வேண்டும். அவள் அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே சொன்னாள். "ஏங்க, நெஞ்சுல ஏதோ அமுக்குது," என்றாள். ஆடி மாதம், மேலே மழை, கீழே சாரல். நான் இதே ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்து கிளட்ச் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். "கேஸா இருக்கும், சோடா குடி," என்றேன். குடித்தாள். ஏழு மணிக்கு ஓமத் தண்ணீர் வைத்துக் குடித்தாள். எட்டு மணிக்கு மூட்டை தூக்குகிற ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஒன்பதரைக்கு நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால் அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், ரவிக்கையெல்லாம் நனைந்து ஒட்டியிருக்கிறது, தண்ணீரைக் கொட்டிக்கொண்டாளா என்று நினைத்தேன். வேர்வை. இதை நான் மறைக்கவில்லை. சோடா கொடுத்ததை எல்லோரிடமும் சொன்னேன். அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், அவளுடைய அண்ணன் ஆரோக்கியத்தின் தோளில் விழுந்து சொன்னேன். மூணரை மணி நேரம் அவளை உட்கார வெச்சிட்டேன் மச்சான், கேஸுன்னு நெனச்சிட்டேன். அவன் என் முதுகைத் தடவினான். எல்லோரும் சொன்னார்கள், யாருக்குத் தெரியும், பொம்பளைங்களுக்கு அப்படித்தான் வரும், யாருமே கேஸுன்னுதான் நெனைப்பாங்க. மன்னித்தார்கள். மன்னிக்கக் கூடியதை எடுத்து முன்னால் வைத்தேன், மன்னித்தார்கள். அதன் பின்னால் ஒன்றை வைத்திருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. வண்டியில் ஏறும்போது அவள் ஒன்று சொன்னாள். அது வேண்டாம். புல்லியைப் பார்.

புல்லிகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எஞ்சின் புல்லியும் சூப்பர்சார்ஜர் புல்லியும் கொஞ்சம் விலகினாலும் பெல்ட் ஓரம் தேய்ந்து பிய்ந்துவிடும். நூலைக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன். கீழே தொடுகிறது, மேலே ஒரு பிளேடு நுழைகிற இடைவெளி. ஒரு வாஷர் வைத்தால் போதும். வாஷர் டப்பாவைக் கொட்டித் தேடும்போது மலைப்பாதை மனசில் தானாக ஓட ஆரம்பிக்கிறது. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதிய பலகை. இந்தப் பாதையில் ஏறினால் பிலோமிக்கு எப்போதும் தலை சுற்றும், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள், வளைவுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வாள். முடிக்கும்போது நம்பரைச் சொல்வாள். ஆமென், பதினொண்ணு. ஆமென், பன்னெண்டு. கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்பாக வரும், அப்புறம் பழகிவிட்டது, அவள் இல்லாமல் தனியாக ஏறும்போதும் காதில் கேட்கும். அன்றைக்கும் சொன்னாள். மூச்சு விட்டு விட்டுச் சொன்னாள். பதினைந்துக்கு மேல் நம்பர் மட்டும்தான் வந்தது. பதினெட்டில் இரண்டாவது கியர் இழுக்கவில்லை, முதல் கியருக்கு இறக்கினேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புச் சுவர் மாதிரி புகை. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்கிறேன், ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது. வாய்விட்டு வண்டியைத் திட்டினேன். "திட்டாதீங்க," என்றாள். நம்பர் தவிர அவள் கடைசியாகப் பேசியது அதுதான். இருபத்து மூன்று என்று சொன்னாள், அப்புறம் இருபத்து நாலு வந்தது, பலகையை நான் பார்த்தேன், அவள் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடிக்கிற இடம், திரும்ப முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தைந்திலும் திரும்பவில்லை. முப்பத்தாறு வரை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் வெளியே வந்து, "எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க," என்று கேட்டார். ஒன்பதே முக்கால் என்றேன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பதின்மூன்று. "ஒரு இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம்," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். எண்பத்தெட்டு நிமிடம். நான் உடனே சொன்னேன், வண்டி இழுக்கல சார். அவர் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். அப்போதுதான் அது முதல் முறையாக என் வாயில் வந்தது.

வாஷர் கிடைத்தது. நூல் இப்போது இரண்டு புல்லியிலும் ஒட்டி நிற்கிறது. பெல்ட்டை மாட்டி இழுவை வைத்தேன், கட்டை விரலால் அமுக்கினால் அரை அங்குலம் அமுங்குகிறது, போதும். சூப்பர்சார்ஜர் வாயிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகிற ரப்பர் குழாயை மாட்டிக் கிளாம்ப் போட வேண்டும். குழாய் முரண்டு பிடிக்கிறது, சோப்புத் தண்ணீர் தடவித்தான் நுழைக்க வேண்டியிருக்கிறது. குனிந்து நிற்கும்போது இந்த வாசம் எங்கிருந்து வருகிறது. சாணி வாசம். பின்னால் தொட்டியை எத்தனை தடவை கழுவினேன், டெட்டால் ஊற்றிக்கூடக் கழுவினேன், பலகை இடுக்கில் எங்கோ இருக்கிறது. இருக்கட்டும். எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற தொழில்தான், இங்கே மாட்டுச் சாணியை வாங்கிக் காயவைத்து மேலே கேரட் தோட்டங்களுக்கு எருவாகக் கொண்டுபோவது. அன்றைக்கு எட்டு மணிக்கு வந்த ஆட்கள் ஏற்றியது இருபது மூட்டை. ஒரு மூட்டை நாற்பத்தைந்து கிலோ. இருபது மூட்டை தொள்ளாயிரம். இந்தப் பெருக்கலை இரண்டாம் வகுப்புப் பிள்ளை போடும். நான் எட்டு மாதமாகப் போடாமல் இருந்தேன். அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கதவைத் திறந்தேன். அவள் ஒரு கால் படியில் வைத்து, பின்னால் பார்த்து, "ஏங்க, மூட்டைய எறக்கிட்டுப் போலாமே," என்றாள். சொல்லிவிட்டாள். நினைத்துவிட்டேன். இனிமேல் நினைக்காத மாதிரி இருக்க முடியாது. நான் என்ன சொன்னேன். "போற வழிதானே," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உன்னை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்படியே ஊட்டி தாண்டிப் பாலாடா கேரட் தோட்டத்தில் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். ஆட்கள் அப்போதுதான் தெரு முனை தாண்டியிருந்தார்கள். கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் இறக்கிப் போட்டிருப்பார்கள். தக்காளி என்றால்கூட ஒரு நியாயம் இருக்கிறது, அழுகிவிடும். எருவுக்கு என்ன கேடு. ஒரு மாதம் மழையில் கிடந்தாலும் எரு எருதான். போற வழிதானே. அவளும் சரி என்று ஏறி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம் நான் சொன்னதற்கெல்லாம் சரி என்று ஏறி உட்கார்ந்த மாதிரியே.

கிளாம்ப் ஸ்குரு கையிலிருந்து நழுவிக் கீழே எங்கோ விழுந்தது. தேடவில்லை. பம்பர் மேல் உட்கார்ந்தேன். ஆரோக்கியம்தான் இந்த வண்டியை மறுநாள் ஊட்டியிலிருந்து ஓட்டி வந்தான். நான் பிலோமியோடு ஆம்புலன்சில் வந்துவிட்டேன். வண்டி வரும்போது காலியாக இருந்தது. மூட்டைகளை எங்கே இறக்கினான், யாரை வைத்து இறக்கினான், ஒரு வார்த்தை கேட்டானா. நானும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். ஒரு மனுஷன் எவ்வளவு முட்டாளாக இருக்க முடியுமோ அவ்வளவு. இல்லை, முட்டாள் இல்லை, கெட்டிக்காரன். அன்றிலிருந்து இந்த வண்டியைக் காலியாக மலை ஏற்றியதே இல்லை நான். ஏற்ற ஒன்றும் இல்லாத நாளில்கூட நாலு மூட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவேன், பின்னால் கனம் இருந்தால்தான் ரோட்டைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்வேன். காலியாக ஏறினால் எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடக் கூடாது. இந்த சூப்பர்சார்ஜரை எதற்கு வாங்கினேன் என்று இப்போது எனக்குப் புரிகிறது, அது புரிவதும் நல்லதாக இல்லை. இதை மாட்டிவிட்டால் இது வேறு வண்டி. பழைய எஞ்சின் காலியாக எவ்வளவு நேரத்தில் ஏறியிருக்கும் என்று அப்புறம் கடவுள் வந்தாலும் அளக்க முடியாது. அதற்காகத்தான் நாலு தடவை உக்கடம். அதற்காகத்தான் கணேசமூர்த்தி, அட்டை, அரம். அவளுக்காக என்று ஊர் நினைக்கிறது. நானும் நினைத்தேன்.

ஆனாலும் எழுந்தேன். ஸ்குருவைத் தேடி எடுத்துக் கிளாம்பை முறுக்கினேன். வேலை பாதியில் நின்றால் யோசனை மட்டும்தான் மிஞ்சும். ரேடியேட்டரை வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், டீசல் பம்பில் இருக்கிற ஸ்குருவைக் கால் சுற்று கூட்டினேன், காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும். பேட்டரி வயரை மாட்டினேன். பன்னிரண்டு ஆகிவிட்டது. லீமா எப்போது திரும்பி வந்தாளோ தெரியவில்லை, டம்ளரோடு ஷெட் வாசலில் நிற்கிறாள். டீயை வாங்கி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதலில் இருமியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. பழைய எஞ்சின் சத்தத்துக்கு மேல் புதிதாக ஒரு விசில் மாதிரி ரீங்காரம். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழ்கூட இல்லை. உள்ளே பொருத்தியிருந்த சின்ன மீட்டரில், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முள் பூஜ்ஜியத்திலிருந்து எழுந்து நடுங்கி நிற்கிறது. நன்றாக வந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை. ஒரு சந்தோஷமும் இல்லை. பானெட்டை இரண்டு பேருமாகத் தூக்கி மாட்டினோம்.

"ஏறும்மா, ஊட்டி வரைக்கும் போயிட்டு வரலாம். நேரம் மட்டும் பார்த்துக்க," என்றேன்.

"வேணாம்ப்பா," என்றாள்.

"அரை மணி நேரம் மிச்சமாகும் பாரு. அன்னைக்கு மட்டும் இது இருந்திருந்தா—"

"அன்னைக்குப் பின்னாடி இருபது மூட்டை இருந்துச்சுப்பா."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை. சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

"மாமா சொன்னாரா," என்றேன்.

"மாமாவா வந்து சொல்லல. நான்தான் கேட்டேன். ஜனவரில நீங்க வேளாங்கண்ணி போயிருந்தீங்கல்ல, அம்மாவோட ஆறாம் மாசத்துக்கு. அப்ப நானும் மாமாவும் வண்டிய எடுத்துட்டு மேல போனோம். காலியா."

"நீயா ஓட்டின?"

"மாமா ஓட்டினார். நான் மணி பார்த்தேன்."

மூன்று நாள் நான் வேளாங்கண்ணியில் மண்டியிட்டுக்கொண்டிருந்தபோது. அப்படியானால் ஜனவரியிலிருந்து தெரியும். ஜனவரிக்கு அப்புறம் மூன்று லீவுக்கு வந்திருக்கிறாள். வந்து சமைத்துப் போட்டிருக்கிறாள், என் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள், கல்லறைக்கு என்னோடு வந்து நான் வண்டி இழுக்கல என்று முனகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆரோக்கியத்துக்கு மூட்டைகளை இறக்கிய அன்றைக்கே தெரியும், கிறிஸ்து பிறப்புக்கு வந்தான், ஈஸ்டருக்கும் வருவேன் என்கிறான், மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான். நான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்ததை இவர்கள் எல்லோரும் மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, எனக்காகப் பாதுகாத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஏன்மா சொல்லல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்." "இப்ப இதையும் மாட்டிட்டீங்க. இனிமே சொல்ல மாட்டீங்கன்னு தோணுச்சு," என்றாள். அப்புறம், "எத்தனை நிமிஷம்னு சொல்லட்டுமாப்பா? வேணாம்னா சொல்லல. எப்பவும் சொல்லல," என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வேண்டாம் என்றால் அவள் உண்மையிலேயே சொல்ல மாட்டாள், பிலோமியின் பெண். அந்த எண்ணை அவள் கல்யாணத்துக்கும் தூக்கிக்கொண்டு போவாள், அவள் வார்டில் நெஞ்சு வலி என்று வருகிற ஒவ்வொருத்தர் பக்கத்திலும் அதை வைத்துக்கொண்டு நிற்பாள். இந்த ஒன்றையாவது அவள் தலையிலிருந்து இறக்கி வைக்க வேண்டும்.

"சொல்லு."

"அறுபத்து நாலு."

எண்பத்தெட்டில் அறுபத்து நாலு போனால் இருபத்து நாலு. டாக்டர் கேட்டது இருபது. மலை அப்படியே நின்றிருக்கிறது, எஞ்சின் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது, பிலோமி கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன், அதுகூட வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு காலி இடம், அதில் அந்த எண் மட்டும் இருந்தது. "அம்மா எறக்கச் சொன்னா," என்றேன். "ஏறும்போது சொன்னா. நான் போற வழிதானேன்னு சொல்லிட்டேன்." லீமா இதை அறிந்திருக்கவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அவளிடம் இல்லாத ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது, அதையும் கொடுத்துவிட்டேன். அவள் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். அவள் சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. கதவைச் சாத்தினாள்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கியரைப் போட்டேன். வெளி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் இடப்பக்கம் மலை. வெயிலில் பச்சையாக, பாதை எங்கே என்று தெரியாமல் நிற்கிறது. ஸ்டியரிங் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வலப்பக்கம் திருப்பினேன், தெப்பக்காடு போகிற சமதரை ரோடு. மீட்டரில் முள் பூஜ்ஜியத்திலேயே கிடந்தது. ஏற்றத்துக்குச் செய்த வண்டி, மூன்றாவது கியருக்குக்கூடப் போகாமல் இரண்டாவதிலேயே உருண்டுகொண்டிருந்தது. லீமா ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் வந்த ஜீப் ஒன்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. ஓரம் கட்டி வழிவிட்டேன்.